முட்டையில்லாத ரோஸ் கேக்

சீ, அதைக் கேக் என்று சொல்லவே வாய் கூசுகிறது. முட்டை கிடையாது, வெண்ணெய் கிடையாது, பால் கிடையாது. அப்புறம் என்ன கருமம்தான் அதில் இருக்கிறது என்று கேட்டால், விற்கிறவனே திருதிருவென்று முழிப்பான். மேலே ரோஸ் நிறத்தில் ஒரு பூச்சு. நாக்கில் பட்டால் மெழுகுபோல் அப்பிக்கொள்ளும். இந்தக் கண்றாவியைத்தான் மடிப்பக்கா வருஷக்கணக்காக விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை. விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை, துவைத்துக் காய்ந்ததும் மடித்து அடுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடி. அவள் கை பட்ட விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது, அதனால் வந்த பேர். கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள்; ஆளுக்கொரு மொழி, ஆளுக்கொரு சாமி. இவர் மாட்டைத் தொடமாட்டார், அவர் பன்றியைத் தொடமாட்டார், இன்னொருத்திக்குப் பூண்டு வாசனையே ஆகாது. ஒருத்தர் டப்பாவில் இன்னொருத்தர் கைவைக்க வழியில்லை. எல்லார் வாய்க்கும் பொதுவாக அகப்பட்டது முக்குக்கடை ரோஸ் கேக் ஒன்றுதான். பிறந்தநாளா, பிள்ளை பரீட்சையில் பாஸா, வெட்டு கேக்கை! அதையும் ஒருவர் கையால் இன்னொருவர் வாயில் ஊட்டணும்.

வேண்டாம் என்றால் தீர்ந்தது. புதிதாக வந்த ஒரு பெண் வாயை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். "நம்ம கை அவளுக்கு அசிங்கமாம்" என்று பேச்சு கிளம்பி, ஒருத்தரும் முகம் கொடுக்காமல், அவள் வேலையை விட்டே போய்விட்டாள்.

மடிப்பக்காவுக்கோ சர்க்கரை. இடதுகால் கட்டைவிரலில் புண், ஆறுவேனா என்கிறது. "இனிப்பை நிறுத்தலைன்னா விரலை எடுக்க வேண்டியதுதான்" என்று டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

வீட்டில் புருஷன் கத்தினான். "நின்னு பாக்குற வேலை. விரல் போச்சுன்னா எப்படி நிப்ப? ஊட்டினா துப்பத் தெரியாதா உனக்கு?"

"அவங்க மனசு நோகுமே" என்றாள். பெரிய மனசு!

சர்க்கரை என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் நோயாளி என்று தெரிந்தால் மேஸ்திரி வீட்டுக்கு அனுப்பிவிடுவானோ என்று பயம். அதோடு, இஸ்திரி போடும் வயதான அம்மாவை அவள் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். சொந்தப் பெரியம்மாகூட அவளுக்கு அவ்வளவு பிரியமாக ஊட்டியதில்லை. குமட்டலை அடக்கிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு, விரலில் ஒட்டியதையும் வழித்துத் தின்பாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கைகழுவப் போவார்கள். நல்ல சுத்தக்காரர்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

அவளுடைய பிறந்தநாளன்று பார்த்துக் கைகழுவும் தொட்டி அடைத்துக்கொண்டது. மேஜையில் கேக் காத்திருந்தது. இவள் போய், தொட்டிக்கு அடியில் வாளியை வைத்து வளைகுழாயைத் திருகிக் கழற்றினாள். பொளக்கென்று கொட்டியது. நூல்தூசி, தலைமயிர், நடுவே ரோஸ் நிறத்தில் கட்டி கட்டியாக மென்று துப்பிய கேக். ஊசிப்போன எண்ணெய் நாற்றம் வேறு. மூக்கைப் பொத்திக்கொண்டு வாளிக்குள் குனிந்து பார்த்தாள்.

அப்புறம்தான் உறைத்தது. அத்தனை பேரும் துப்பியிருக்கிறார்கள். விழுங்கியது இவள் ஒருத்திதான்.

வாளியைத் தூக்கிவந்து கேக்குக்குப் பக்கத்திலேயே ணங்கென்று வைத்தாள். "பாருங்க, நல்லாப் பாருங்க! எனக்குச் சர்க்கரை. விரலை எடுக்கப்போறாங்க. இளிச்சவாய் நான் ஒருத்திதான் இதைத் தின்னுக்கிட்டிருந்தேன். பிடிக்கலைன்னா எதுக்கு வாங்கித் தொலைச்சீங்க?"

கேக் துண்டும் கையுமாக நின்ற பெரியம்மா, எல்லாருக்கும் பொதுவான அந்தத் தட்டுத்தடுமாறும் மொழியில் சொன்னாள்: "எங்க யாருக்குமே பிடிக்காதும்மா. நீதான் விரலைக்கூட வழிச்சுத் தின்னுவ. உனக்கு இதுன்னா உசுருன்னு நெனச்சோம். உனக்காகத்தான் ஒவ்வொரு தடவையும் வாங்கினது."

மடிப்பக்கா வாயைப் பிளந்தாள். வாய் திறந்ததும், பழகிப்போன பெரியம்மாவின் கை கேக்கோடு முன்னால் நீண்டது.

"சீ!" என்று தட்டிவிட்டாள். கேக் வாளிக்குள் விழுந்தது.