அம்மாவின் இன்னொரு பெயர்

நேற்று மாலை திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது ஒரு தேவாலயத்துக்குள் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி நடப்பது கேட்டது. அப்படியே நின்றுவிட்டேன்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, ஒரு டிசம்பரில் நாங்கள் குடியிருந்த பொன்முடித் தேயிலைத் தோட்டத்திலிருந்து அம்மா என்னை இங்கே கூட்டிவந்தாள். கம்பளியும் ஸ்டவ் திரியும் வாங்கினோம். பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் இதே தேவாலயத்தில் பாட்டுக் கேட்க உட்கார்ந்தோம். தமிழ்க் கீர்த்தனை ஒன்று தொடங்கியதும் அம்மாவும் கூடவே பாடினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் வீட்டில் முருகன் படம்தான் இருந்தது. அம்மா பாடி நான் கேட்டதே இல்லை.

பாட்டு முடிந்ததும், பாடியவர்களில் ஒருத்தி ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"கிரேஸ் அக்கா! நம்ம அம்மை சாகும்போதும் உன்னைத்தான் கேட்டா."

என் அம்மாவின் பெயர் செல்வி.

"உங்களுக்கு ஆளு மாறிப்போச்சு, கேட்டோ" என்று அம்மா கையை விடுவித்துக்கொண்டு என்னை இழுத்து நடந்தாள். பஸ்ஸில் புதுக் கம்பளியில் முகம் புதைத்து அழுதாள்.

"அவங்க யாரும்மா?"

"என் தங்கச்சி."

"பின்ன ஏன் ஆளு மாறிப்போச்சுன்னு சொன்ன?"

"கல்யாணத்தோட அந்தப் பேரு, சொந்தம் எல்லாத்தையும் விட்டாச்சு. இவளப் பாத்தத அப்பாகிட்ட சொல்லிராத."

சாகும்வரை அம்மா அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

நேற்று தேவாலயத்துக்குள் எட்டிப் பார்த்தேன். "யாரு வேணும் மோளே?" என்று தலை நரைத்த ஒரு பெண் கேட்டாள். சித்தியாக இருக்குமோ என்று அவள் முகத்தையே பார்த்தேன். தெரியவில்லை.

"பாட்டுக் கேக்கணும்" என்றேன்.

அவள் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.