மூன்றாவது அளவு

எங்கள் அண்ணன் மறைந்து வருகிற வெள்ளிக்கிழமையோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்காக எழுத உட்கார்ந்ததும் 'குலவிளக்கு', 'குணக்குன்று' என்று இரண்டு சொற்கள் தாமாகவே வந்து நின்றன. அடித்துவிட்டேன். அண்ணன் இருந்திருந்தால், "குன்றுன்னா எத்தனை அடிடா?" என்று கேட்டிருப்பார். அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதவர் அவர்.

திண்டுக்கல்லுக்கு மேற்கே ஒரு சிற்றூரில் பிறந்தவர். அப்பா காலமானபோது அவருக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பத்து. ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் லேத் வேலை கிடைத்ததும் அம்மாவையும் என்னையும் குவார்ட்டர்ஸுக்கு அழைத்து வந்தார். தாம் படிக்காத படிப்பையெல்லாம் என்னைப் படிக்க வைத்தார். அதன் பயனாக, ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்புவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எண்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சொந்தக் காரில் போய் இறங்க வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. எஞ்சின் இறுகி நின்றுபோன பழைய அம்பாசிடர் ஒன்றைப் பூந்தமல்லியில் வாங்கி, கயிறு கட்டி இழுத்து வந்தார். ஸ்டியரிங்கில் நான். பருத்திப்பட்டு வரை ஊரே நின்று சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் குமணன்சாவடியிலிருந்து மெக்கானிக் பாய் வருவார். எஞ்சினைப் பிரித்து, கழற்றிய ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, வாசலில் சாக்கின்மேல் பரப்புவார்கள். மாற்ற வேண்டியதற்குச் சிவப்பு நூல், திரும்பப் போடுவதற்கு வெள்ளை நூல். நூல் கட்டும் உத்தியோகம் பட்டதாரிக்கு. அண்ணன் மைக்ரோமீட்டரால் ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்த பிறகே நிறம் சொல்வார்.

"பாத்தாலே தெரீதே சார், நல்லாத்தான் கீது," என்பார் பாய்.

"முதல் தடவை நம்ம ஆசையை அளக்குறோம் பாய். ரெண்டாவது தடவை நம்ம பயத்தை. மூணாவது தடவைதான் இரும்பை அளக்குறோம்."

"இப்டியே அளந்துகினு இருந்தா தம்பிக்கு அறுபதாம் கல்யாணம்தான்."

பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் சிவப்பு. வால்வுகளைத் தேய்த்துப் பொருத்தினால் போதும், வெள்ளை. எஞ்சினுக்குள் எண்ணெயை ஏற்றுகிற ஆயில் பம்ப் மட்டும் இழுபறியில் இருந்தது. மூன்றாவது முறையும் அளந்துவிட்டு, "சிவப்பு" என்றார். எண்ணெய் சரியாக ஏறாவிட்டால் மற்றதெல்லாம் புதிதாக இருந்தும் வீண். ஆனால் அந்தப் பழைய மாடலுக்குப் பம்ப் எந்தக் கடையிலும் இல்லை, சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கோ இருபதே நாள்.

பாய் சொன்னார்: "என் டாக்சியும் இதே மாடல்தான். அதுல கீறது போன வருசம் போட்ட பம்ப். கழட்டி இதுல மாட்டிர்றேன். தம்பி ஜம்முனு போய் எறங்கட்டும்."

"உன் வண்டி?"

"அது பம்ப் வர்ற வரைக்கும் ஊட்டாண்ட நிக்கட்டும். இன்னா இப்போ?"

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டார். "நின்ன வண்டிக்காக ஓடுற வண்டியில கை வைக்கிறதா? வேணாம் பாய்."

மாங்காட்டில் என் கல்யாணம். ஆட்டோவில் போய் இறங்கினேன். "ஒரு சக்கரம்தான் தம்பி கம்மி, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க," என்றார் அண்ணி. நான் அந்தக் கோபத்தைச் சீராட்டி ஒரு மாதம் வளர்த்தேன். பிறகு பம்ப் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த வண்டி ஒருநாளும் வழியில் நிற்கவில்லை.

அண்ணன்தான் நின்றார். இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. வாரம் இருமுறை, ரத்தம் சுத்திகரிக்க அதே காரில் பாய்தான் அவரை அழைத்துப்போனார். மாற்றுச் சிறுநீரகம் பற்றி டாக்டர் சொன்னதும் என்னைச் சோதித்தார்கள். எல்லாம் பொருந்தியது. என் வாழ்நாளில் நான் முழு மதிப்பெண் பெற்ற தேர்வு அது ஒன்றுதான்.

காரியத்துக்கு வந்திருந்த உறவினர்களில் சிலர், "தம்பி கொடுத்திருக்கலாமே" என்று என் காதுபடப் பேசிக்கொண்டீர்கள். உங்கள் மேல் தவறில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

சோதனை முடிவு வந்த அன்று மருத்துவமனை வராந்தாவிலேயே கேட்டேன். "அண்ணே, என்னோடது பொருந்துதாம். எடுத்துக்கங்க."

"பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க ரெண்டு வச்சிருக்கே. ஓடுற வண்டிடா நீ."

"நான் வண்டி இல்லண்ணே."

"அதான் சொல்றேன். வண்டின்னா காத்திருந்தா புதுப் பம்ப் வரும்."

ஒரு மாதம் கழித்து வீட்டில் மறுபடியும் கேட்டேன். அப்போது என் குரல் எனக்கே கேட்டது. வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று தெரிந்துகொண்டு கேட்கிறவனின் குரல். அண்ணன் வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தார். "வேணாம்டா," என்றார். என் நெஞ்சிலிருந்து ஒரு கனம் இறங்கியது. அதை அவர் பார்த்துவிட்டார் என்பதும் எனக்குத் தெரிந்தது. "சாப்பிட்டுட்டுப் போ," என்றார். உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அதன்பின் நான்கு மாதம் இருந்தார். தினமும் போனேன். கிரிக்கெட் பேசினோம், தேர்தல் பேசினோம், மழை பேசினோம்.

இரவு பகல் பாராமல் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ஷிப்ட் முடிந்த கையோடு வரிசையில் நின்று ரத்தம் கொடுத்த குவார்ட்டர்ஸ் நண்பர்களுக்கும், கடைசி நாளில் அண்ணனை அதே காரில் மெதுவாக வீடு கொண்டுவந்து சேர்த்த பாய்க்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எத்தனை முறை கேட்டிருந்தாலும் அண்ணன் சம்மதித்திருக்க மாட்டார் என்கிறார் பாய். அண்ணியும் அதையே சொல்கிறார். இருக்கலாம். ஆனால் ஒரு பம்ப்பைத் தள்ளுவதற்குக்கூட அண்ணன் மூன்று முறை அளந்தார். நான் இரண்டு முறைதான் கேட்டேன்.