காரம் கல்லில் இல்லை

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில், எண்பதுகளின் கடைசியில் நான் ஒரு மாவு மில் வைத்திருந்தேன். கணிதத்தில் பட்டம் வாங்கியவனுக்கு மாவு மில் எதற்கு என்று இதுவரை நாற்பது பேராவது கேட்டிருப்பார்கள். எண்ணுவதற்கு நிறைய இருந்தது என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. வரிசையில் எத்தனை டின், எத்தனை தூக்கு, கரண்ட் போய் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று எண்ணிக்கொண்டே பொழுது போய்விடும்.

மிஷின் ஒன்றுதான். அரிசி, கோதுமை, மல்லி, மிளகாய் எல்லாம் அதே வாய்க்குள் போய், அதே துணிக்குழாய் வழியாக டின்னில் விழும். அதனால் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "முன்னாடி என்ன அரைச்சீங்க?" என்பதுதான். மிளகாய் என்று சொன்னால் முகம் சுருங்கும். இரண்டு பிடி அரிசியைப் போட்டு ஓட்டி, மிஷினுக்குள்ளிருக்கும் அரைகல்லைச் சுத்தம் செய்வேன். பெரியவர்கள் சாப்பிடும் மாவுக்கு அது போதும்.

செம்பாக்கத்திலிருந்து ஒரு டீச்சர், தன் பத்து மாதக் குழந்தைக்காக, முளைகட்டி வறுத்த கேழ்வரகைக் கொண்டுவந்தார். அரைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அதே டின்னோடு திரும்பி வந்தார்.

"சார், ஒரு வாய் வெச்சதுமே கத்தறான். உதடெல்லாம் செவந்துபோச்சு."

ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏழு வருடம் மிளகாய் நெடியில் நின்றவன் நாக்கை யார் நம்புவார்கள்? அவரும் நம்பவில்லை. ஆனால் சண்டை போடவில்லை.

"அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி நான் ஸ்கூல்ல திரும்பச் சேரணும், சார். அதுக்குள்ள இவன் கஞ்சி குடிக்கப் பழகலைன்னா வேலையை விட்டுட வேண்டியதுதான்."

மில்லுக்காரனிடம் இதை ஏன் சொன்னார் என்று தெரியாது. சொன்ன பிறகு அது என் கவலையும் ஆகிவிட்டது. சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். இருபத்தாறு நாள்.

யோசித்து ஒன்றும் பிடிபடாமல், வரிசையில் நின்ற பெண்களிடமே கேட்டேன். அவர்களுக்குப் பேச்சு கிடைத்தால் போதாதா?

"ஒரு நாள் மிளகாயே அரைக்காதீங்க. செவ்வாய்க்கிழமை வெச்சுக்கங்க" என்றார் ஒருவர்.

"எனக்கு லீவே செவ்வாய்தான். நான் எப்ப மிளகாய் அரைக்கறது?" என்றார் இன்னொருவர்.

"ஒரு நாள் ரசம் இல்லாம சாப்பிடேன், கொஞ்சம் இளைப்பே."

கடைசியில் அவர்களே முறை வகுத்தார்கள். செவ்வாய் காலை முதலில் குழந்தைகள் மாவு. பிறகு அரிசி, கோதுமை. மல்லியும் மிளகாயும் மாலையில். நான் செய்தது அதைப் பலகையில் எழுதியது மட்டும். கைக்குழந்தைக்காரிகள் இன்னும் ஐந்து பேர் பெயர் கொடுத்தார்கள்.

அந்தச் செவ்வாய் நான்கு முறை அரிசி போட்டு ஓட்டினேன். டீச்சர் மாவை வாங்கிப் போனார். வியாழக்கிழமை திரும்பி வந்தார். "முன்ன மாதிரி இல்ல, சார். ஆனா இன்னும் துப்பறான்."

பத்தொன்பது நாள்.

அப்போது பக்கத்துத் தெருவில் இட்லிக்கடை வைத்திருந்த அக்கா அரிசி டின்னோடு நின்றிருந்தார். யாரையும் விட்டுவைக்காத வாய் அவருக்கு.

"கல்லையே கொஞ்சிகினு கீறியே சார், இந்தத் துணியை என்னிக்காவது தோச்சியா?"

சொல்லிக்கொண்டே துணிக்குழாயை இழுத்து முகர்ந்தார். மூன்று தும்மல். "தோ, இங்க கீது காரம்! கல்லுல இன்னா கீது?"

அத்தனையையும் எண்ணுகிற என்னிடம், ஏழு வருடத்தில் அந்தத் துணியை எத்தனை முறை துவைத்தேன் என்ற கணக்கு மட்டும் இல்லை.

காரம் ஊறிப்போன துணியை இனிமேல் துவைத்து என்ன பயன்? அவரவர் குழந்தைக்கு அவரவர் துணி கொண்டுவருவது என்று முடிவாயிற்று. டீச்சர் கணவரின் பழைய வேட்டியில் தைக்கிறேன் என்றார். மிஷினில் மாவு விழும் வாயை நூல் பிடித்து அளந்து எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை தைத்துக்கொண்டு வந்தார். துணி அந்த வாய்மேல் ஏறவே இல்லை. மடிப்புக்கு விட வேண்டியதை நான் சேர்க்கவில்லை.

"படிச்ச சார் அளவு!" என்று இட்லிக்கடை அக்கா சிரித்தார். பிறகு அவரே தையலைப் பிரித்து, நடுவில் ஒரு துண்டு ஒட்டுப்போட்டு, அங்கேயே உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுத்தார்.

மறுநாள் புதுத் துணியில் அரைத்தோம். சூடு ஆறும்வரை மாவைப் பேப்பரில் பரப்பிவைத்து எடுத்துப் போனார் டீச்சர். பதினான்கு நாள்.

புதன் வரவில்லை. வியாழன் வரவில்லை. குழந்தைக்கு முடியாமல் போய்விட்டதோ, என்மேல் வெறுத்து வேறு மில்லுக்குப் போய்விட்டாரோ என்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று போன பஸ்ஸெல்லாம் எனக்குக் கணக்கு.

வெள்ளிக்கிழமை இடுப்பில் குழந்தையும் கையில் சின்ன டப்பாவுமாக வந்தார். டப்பாவில் வெதுவெதுப்பாகக் கஞ்சி.

"நீங்களே பாருங்க, சார்" என்று ஒரு ஸ்பூன் என் வாயருகே நீட்டினார். வாங்கிக்கொண்டேன். உடனே குழந்தை வீறிட்டான். உடம்பெல்லாம் சிவந்து, கையைக் காலை உதறி ஒரே அழுகை.

"இன்னும் காரமா, டீச்சர்?"

அவர் பதில் சொல்வதற்குள் வரிசையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "காரமும் இல்ல, மண்ணும் இல்ல. அவன் பங்கை நீ துன்னுட்டே, சார். அதான் கூவுறான்."

அடுத்த ஸ்பூன் அவன் வாய்க்குப் போனது. அழுகை நின்றது. அதற்கடுத்ததற்கு ஆவென்று அவனே வாயைத் திறந்தான். மிஷினை நிறுத்திவிட்டு எண்ணினேன். பதினோரு வாய். டீச்சர் டப்பாவைச் சாய்த்து வழித்து ஊட்டினார்.

பள்ளி திறந்த பிறகு, செவ்வாய்க்கிழமைகளில் கேழ்வரகு டின்னும் மடித்த வேட்டித் துணியுமாக வந்தவர் அவர் கணவர். டீச்சர் எங்கே என்று நான் கேட்டதில்லை. அந்த நேரத்துக்கு அவர் முதல் பீரியடில் இருப்பார்.