விளக்கு வைக்கும் வீட்டில் ஒரு ரயில்

பென்சன் எடுத்தவன் சும்மா இருப்பவன் என்று எங்கள் ஊரில் ஓர் எண்ணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்புக்குப் பக்கத்தில் எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. உரியவர்கள் எல்லாரும் வெளிநாட்டில். ஆனால் பொழுதுபட்டால் வீடு இருண்டு கிடக்கக் கூடாது, சாமி அறையில் ஒரு விளக்காவது எரியவேண்டும் என்பதில் மட்டும் அங்கிருந்தும் விடாப்பிடியாக நிற்கிறார்கள். விளக்கு வைக்க ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான்.

முதலில் என் மனைவியின் தமையன், லண்டனில் இருக்கும் மச்சான், தன் வீட்டைப் பூட்டித் திறப்பை என் கையில் தந்தார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டுக்காரர் தந்தார்கள். காலையில் எங்கள் வாழைக்குத் தண்ணீர் விட்டபின் மச்சான் வீட்டு முற்றம் கூட்டவேண்டும், விழுந்த தென்னோலையை இழுத்துப் போடவேண்டும், கிணற்று மோட்டர் இறுகாமல் ஒருதரம் போட்டுப் பார்க்கவேண்டும். செத்தவீடு என்றால் பந்தல்காரனைத் தேடிப் போவதும் நான், கோயில் கூட்டத்துக்குச் சனம் வராவிட்டால் கதிரையை நிரப்புவதும் நான். “ஐயா சும்மாதானே இருக்கிறியள்” என்று படலையைத் திறந்துகொண்டு வருபவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொழும்பில் வேலை செய்த காலத்தில் எனக்கு ஒரேயொரு மேலதிகாரி. இங்கே ஒழுங்கை முழுக்க மேலதிகாரிகள்.

இதற்குள் எனக்கென்று இருந்தது ஒரு ரயில் மட்டும்தான். நான் ஓய்வு பெற்ற கையோடு, டொரொன்டோவில் இருக்கும் மகள் அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு சின்ன ரயிலை அனுப்பினாள். கைக்குள் அடங்கும் எஞ்சின், சில பெட்டிகள், வட்டமாகப் பூட்டுகிற தண்டவாளம். கூடவே ஒரு மலையும் சுரங்கமும் வந்திருந்தன. யாழ்ப்பாணத்தில் எங்கே ஐயா மலை? அதைத் தூக்கி எறிந்துவிட்டு, தோட்டத்துச் செம்மண்ணை அரித்துப் பலகையில் ஒட்டித் தரை போட்டேன். ஈர்க்கில் பனைமரம் செய்தேன். ஆசை அத்தோடு விடவில்லை. மகளிடம் கேட்டுக் கேட்டு மேலும் மேலும் தண்டவாளம் வாங்கினேன். எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை, மச்சான் வீட்டு ஹோல் வெறுமனே கிடந்தது. அங்கே கொண்டுபோய்ப் பலகையை அடித்தேன். ஸ்டேஷன், ரயில் கடவை, வெங்காயத் தோட்டம் என்று வளர்ந்து ஹோலின் முக்கால்வாசியையும் அது பிடித்துவிட்டது.

மச்சானுக்கு இது தெரியாது. விளக்கு எரிவதைப் பார்க்க அவர் வீடியோ கோலில் எடுக்கும்போது போனைச் சாமி அறைக்கு நேரே பிடித்துக்கொள்வேன். மாமியாரின் படம் தொங்குகிற ஹோலில் எழுபதை நெருங்கிய மருமகன் ரயில் விட்டு விளையாடுகிறான் என்று எந்த வாயால் சொல்வது?

விளக்கு வைத்தபின் கிடைக்கிற கொஞ்ச நேரம்தான் என்னுடையது. அதிலும் தண்டவாளத்தில் பல்லி குந்தியிருக்கும். கரண்ட் போகும். எல்லாம் சரிவந்து எஞ்சின் மெல்ல இழுக்கத் தொடங்கினால் படலையில் யாராவது கூப்பிடுவார்கள். இந்த வீடுகள் என்னைக் கட்டிப் போட்டிருக்கின்றன என்று சாப்பாட்டுக்கு இருக்கும்போதெல்லாம் மனைவியிடம் புலம்பினேன். அவள் “ஓம், ஓம்” என்று சோறு போடுவாள்.

இந்த வருடம் மகள் தலைப்பிள்ளைக்கு இருந்தாள். எங்கள் இருவருக்கும் விசா வந்துவிட்டது. பிள்ளைப்பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குத்தூளை மனைவி இடித்து, காயவைத்து, போத்தலில் அடைத்தும் விட்டாள். போனால் இரண்டு பேருமாகப் போவோம் என்பது அவள் கதை. மூன்று வீட்டையும் யாரிடம் விட்டுவிட்டுப் போகிறது என்பது என் கதை. மறுத்துச் சொல்ல முடியாத கதைதான். நானே அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அவளும் என்னோடு விளக்கு வைக்க வந்தாள். மச்சான் எடுத்தார். போன் அவள் கையில் இருந்தது.

“மச்சான், உந்த வீட்டோடை நீங்கள் பட்டது காணும்” என்று என்னிடம் சொன்னார். “அடுத்த ஒழுங்கையிலை புதுசாக் கலியாணம் முடிச்ச பிள்ளையள் இருக்க வீடு தேடுதுகள். வாடகை வேண்டாம், விளக்கை வைச்சால் போதும் எண்டு கதைச்சிட்டன். மற்ற ரெண்டு வீட்டையும் அவையளே பாப்பினம். உங்கள் ரெண்டு பேருக்கும் டிக்கெட் நான் போடுறன். போய்ட்டு வாங்கோ.”

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் என் கண் ஹோல் பக்கம் போனது. புதுக்குடித்தனம் வந்தால் ஹோலில் கட்டிலும் டிவியும் வரும். தண்டவாளத்தைக் கழற்றலாம். ஒட்டிய தரையைப் பெயர்த்தால் அது வெறும் மண். திரும்ப முதலிலிருந்து தொடங்க எனக்கு வயது காணாது.

“இல்லை மச்சான்” என்றேன். “பிறத்தியாரை உள்ளை விட்டால் பிறகு எழுப்பேலாது. நானே பாக்கிறன். எனக்கு இதிலை ஒரு கரைச்சலும் இல்லை.”

என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. இத்தனை நாளும் என்னை இங்கே பிடித்து வைத்திருந்தது யார் என்று அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கியது. விளங்கியும் வார்த்தையை மாற்றிச் சொல்ல வரவில்லை.

“அப்ப தங்கச்சி என்னெண்டு போறது?” என்று மச்சான் கேட்டார்.

மனைவி என்னைப் பார்த்தாள். போனைத் திருப்பி ஹோலைக் காட்டியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அவள் காட்டவில்லை. போனைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“அண்ணை, எனக்கு மட்டும் போடுங்கோ.”

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் கொழும்புக்குக்கூடத் தனியே போனதில்லை.