ஏலக்கா மூச்சு விட்ட கதை

பழைய மரச்சாமான்களை ஏலம் விடும் கூடத்தில் அவளுக்கு ஏலக்கா என்று பெயர். ஏலம் விடுகிற அக்கா என்பதைச் சொல்ல யாருக்கோ சோம்பலாக இருந்திருக்கிறது. சுருக்கிக் கூப்பிட்டார்கள், அது ஒட்டிக்கொண்டது. வாசனைப் பொருளின் பெயர் கிடைத்ததில் அவளுக்கு வருத்தமில்லை. பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் குக்கர். பரீட்சை எழுதும்போது வகுப்பே அமைதியாக இருக்க, அவள் நெஞ்சிலிருந்து மட்டும் மெல்லிசாக விசில் வரும்.

ஆஸ்துமா என்று டாக்டர் சொன்னபோது அவளுக்கு ஐந்து வயது. அன்றிலிருந்து அம்மா அவளைப் பொத்திப் பொத்தி வளர்த்தாள். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, ஜன்னலோரம் உட்காரக் கூடாது. விழுந்து விழுந்து சிரித்தால் இழுப்பு வருகிறது என்று கண்டுபிடித்த பிறகு அப்பாவுக்கும் வாய்ப்பூட்டு போட்டாள். நகைச்சுவையில் கைதேர்ந்த அந்த மனிதர் சொந்த வீட்டில் ஒரு சிரிப்புக் கதை சொல்ல வழியில்லாமல், தெருவில் நின்று அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வருவார்.

பள்ளியில் மற்ற பிள்ளைகள் ஓடும்போது அவர்களுடைய செருப்புகளுக்குக் காவல் இருப்பதுதான் அவள் வேலை. இதைக் கேட்டு டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். ஓடட்டும், ஓடினால்தான் நெஞ்சு பலப்படும், ஓடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நீல இன்ஹேலரை இழுத்துக்கொண்டு, முதலில் மெதுவாக நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு ஓடட்டும் என்றார். அம்மா அரை மனசோடு சம்மதித்தாள். விளையாட்டு விழாவன்று இன்ஹேலரைக் கையில் பிடித்தபடி மகளுக்குப் பக்கத்திலேயே அம்மாவும் ஓடினாள். அந்தப் பந்தயத்தில் மகள் கடைசியாக வந்தாள். அவளுக்கு முன்னால் வந்தது அம்மா.

படிப்பு முடிந்து ஏலக்கூடத்தில் கணக்கெழுதச் சேர்ந்தாள். ஒருநாள் ஏலம் விடுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, முதலாளி அவளை மேடையில் ஏற்றிவிட்டார். ஏறியவள் இறங்கவேயில்லை. ஆனால் அது ஆஸ்துமாக்காரி நிற்கிற இடமா? மெத்தைகள், கம்பளங்கள், மூன்று தலைமுறை திறக்காத அலமாரிகள். மேடையில் நின்ற முதல் வாரமே அவள் முதலாளியிடம் சட்டம் பேசினாள். மெத்தையைத் தட்டுவதெல்லாம் வெளியில், கூடத்துக்குள் துடைப்பம் வரக் கூடாது, ஈரத்துணிதான். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். பிறகு தானும் முன்போல் தும்முவதில்லை என்பதை யாரிடமும் அவர் சொல்லவில்லை.

அங்கேதான் வருங்காலப் புருஷனைப் பார்த்தாள். சென்ட் கடை வைத்திருந்தவர், ஒரு கண்ணாடி அலமாரி வாங்க வந்திருந்தார். கடையில் இருக்கும் அத்தனை வாசனையும் சட்டையில் இருந்தது. அவர் முன்வரிசையில் உட்கார்ந்ததும் அவள் நெஞ்சு இறுகியது. கொஞ்சம் பின்னால் போங்க என்றாள். போனார். இன்னும் பின்னால் என்றாள். கடைசியில் அவர் தெருவில் நின்று ஜன்னல் வழியாகக் கை தூக்கி அலமாரியை ஏலம் எடுத்தார்.

மறுவாரம் அவர் வாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் வந்தார். தலை ஈரமாக இருந்தது. கடையைப் பூட்டி, குளித்து, வாசனையே இல்லாத சோப்பை எங்கேயோ தேடிப் பிடித்துத் தேய்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அவள் கிட்ட வந்து மோந்து பார்த்தாள். நெஞ்சு சும்மா இருந்தது. அடுத்து வந்த ஏழெட்டு மாதமும் அவர் காதல் முழுக்கக் குளியலாகவே நடந்தது. சென்ட் விற்கிறவன் தண்ணீர் வாசத்தோடு அலைகிறானே என்று சக கடைக்காரர்கள் சிரித்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் கடைச் சட்டையைக் கடையிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

குழந்தை உண்டானபோது மாமியார் கவலைப்பட ஆரம்பித்தார். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு எதற்கு மருந்து என்றார். ஏலக்காவுக்கும் பயம் வந்து இன்ஹேலரை ஒதுக்கினாள். நாலு நாளில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் மாமியாரைத்தான் முதலில் உட்காரவைத்தார்.

"மருந்து குழந்தைக்கு ஆகாதுன்னு பயப்படுறீங்க. அம்மாவுக்கு மூச்சு முட்டினாதான் குழந்தைக்கு ஆகாது. அதுக்கும் சேர்த்து இவங்கதான் மூச்சு விடணும்."

மாமியார் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. அன்று முதல் காலையும் மாலையும் "இழுத்தியா? இழுத்தியா?" என்று வீடு அதிரக் கேட்டுக்கொண்டிருந்தார். குழந்தை பிறந்த பிறகும் கேட்டார். மகள் முதன்முதலில் பேசிய வார்த்தை அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. "இழு" என்பதுதான்.

மகள் வளர்ந்தாள், மாமியார் காலமானார், கேட்க ஆளில்லாமல் போனதும் ஏலக்காவுக்கு அலட்சியம் வந்தது. தினமும் எடுக்கவேண்டிய பழுப்பு இன்ஹேலர் அலமாரியில் தூங்கியது. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நினைத்தாள். இழுப்பு வந்தால் நீலம். அது அடிக்கடி வந்தது.

வேடிக்கை என்னவென்றால், அவளுடைய இழுப்பால் ஏலக்கூடம் செழித்தது. "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்பதோடு அவளுக்கு மூச்சு தீர்ந்துவிடும். மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்த மௌனத்தை யாராலும் தாங்க முடியாது. தேக்கு மரத்தைத் தவிர வேறெதையும் தொடாததால் தேக்கு என்றே பேரெடுத்த ஒரு வியாபாரி இருந்தார். அவள் மூச்சுக்குத் தவிக்கும்போது அவர் சேர்ந்து தவித்து, தாங்காமல் தானே தன் விலைக்கு மேல் இன்னொரு விலை கேட்டுவிடுவார். கல்நெஞ்சக்காரி, எப்படி நிறுத்தி வாட்டுகிறாள் பார் என்று ஊரெல்லாம் சொல்லிவந்தார்.

ஒருநாள் படியேற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார். அங்கிருந்த நர்ஸ், இன்ஹேலரை எப்படி எடுக்கிறீர்கள், செய்து காட்டுங்கள் என்றாள். ஏலக்கா செய்து காட்டினாள்.

"இத்தனை வருஷமா நாக்குக்குத்தான் மருந்து போட்டிருக்கீங்க. நாக்குக்கு ஆஸ்துமா கிடையாதும்மா."

"அதான் என் நாக்கு இவ்வளவு நல்லா வேலை செய்யுதா?" என்றாள் ஏலக்கா.

நர்ஸ் சிரிக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் குழலை இன்ஹேலரோடு மாட்டிக் கொடுத்து, மெதுவாக இழுக்கவும், மூச்சைக் கொஞ்சம் அடக்கி விடவும், பிறகு வாய் கொப்பளிக்கவும் சொல்லிக்கொடுத்தாள். நன்றாக இருந்தாலும் பழுப்பைத் தினமும் எடுக்க வேண்டும், நன்றாக இருப்பதே அதனால்தான் என்றாள். புருஷன் அன்றிரவே அந்த இன்ஹேலரைப் பல் துலக்கும் பிரஷுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

சில வாரங்கள் கழித்து ஒரு பெரிய சாப்பாட்டு மேஜை ஏலத்துக்கு வந்தது. அசல் தேக்கு. நெஞ்சு காலி வீடு மாதிரி விசாலமாக இருக்க, ஏலக்கா ஒரே மூச்சில் ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம் என்று சுத்தியலைத் தட்டிவிட்டாள். தேக்கு பாதி தூக்கிய கையோடு நின்றார். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, தங்களுக்கு மேஜை கிடைத்துவிட்டதை நம்பாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

"யோசிக்க நேரம் குடுக்காம தட்டுறது என்ன நியாயம்?" என்று தேக்கு முதலாளியிடம் முறையிட்டார். முதலாளி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மென்று விழுங்கி, அந்த மருந்தை ஏல நாளில் மட்டும் விட்டுவிட முடியுமா என்று கேட்டார்.

"ஏலமும் விடணும், மூச்சும் விடணும் முதலாளி. ரெண்டுல ஒண்ணைத்தான் விடலாம்னா, நான் ஏலத்தை விட்டுட்டு வீட்டுக்குப் போறேன்."

முதலாளி பதறிப்போய்ச் சமாதானம் பேசினார். இரண்டு தரத்துக்கும் மூன்று தரத்துக்கும் நடுவில் அவள் தண்ணீர் குடிப்பது என்று முடிவாயிற்று. நிதானமாகக் குடித்தாள். தேக்கு முன்போலவே துடித்தார், விலை முன்போலவே ஏறியது. ஆனால் நாளெல்லாம் தண்ணீர் குடித்தால் உடம்பு கேட்குமா? ஒருநாள் இரண்டாம் தரம் சொன்ன கையோடு கழிப்பறைக்கு ஓடினாள். திரும்பி வருவதற்குள் தேக்கும் இன்னொருவரும் போட்டி போட்டு ஓர் உடைந்த தேக்கு முக்காலியை வானத்துக்கு ஏற்றியிருந்தார்கள்.

ஓய்வு பெற்ற அன்று முதலாளி அவளுக்கு ஒரு வெல்வெட் சாய்வு நாற்காலியைப் பரிசளித்தார். அதை ஏலத்தில் அவளே இரண்டு முறை விற்கப் பார்த்து, சீண்ட ஆளில்லாமல் போனது அவளுக்குத் தெரியும். முகத்தில் காட்டிக்கொள்ளாமல் வாங்கிக்கொண்டாள். சென்ட் கடையை விற்றுவிட்டு வீட்டோடு இருந்த புருஷனுக்கு அது உயிராகிவிட்டது. உட்காருவார், படிப்பார், அதிலேயே தூங்குவார்.

மறுபடியும் இழுப்பு தலைகாட்டியது. வயசாச்சு இல்லையா என்றாள் மகள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் ஆஸ்பத்திரியில் ஒத்துக்கொள்ளவில்லை. வயது மூச்சு வாங்க வைக்கலாம், விசில் அடிக்க வைக்காது, வீட்டுக்குள் புதிதாக ஏதாவது வந்ததா என்று கேட்டார்கள். புருஷன் ஒன்றுமில்லை என்று அவசரமாகச் சொன்னார். ஏலக்கா அவரையே பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலியை அவரையே சோதிக்கச் சொன்னாள். வாழ்நாளெல்லாம் வாசனை பிரித்த மூக்கு அது. மண்டியிட்டு, வெல்வெட்டில் முகம் புதைத்து, நீளமாக இழுத்தார். பழைய சுருட்டு என்றார். ஈரப் பஞ்சு என்றார். எலி என்று சொல்ல வந்தவர் தொடர்ந்து தும்மியதில் மீதி வெளியே வரவில்லை.

தூக்கிப் போட அவருக்கு மனம் வரவில்லை. பால்கனிக்குக் கொண்டுபோனார். கம்பளித் தொப்பியும் ஸ்வெட்டருமாக அங்கேயே வாசம் செய்தார். உள்ளே வரும்போது வாசலில் நின்று உடம்பெல்லாம் தட்டிக்கொண்டு வருவார். சில வாரத்தில் ஏலக்காவின் நெஞ்சு அடங்கியது. நீச்சல் பழகப் போனாள். இந்த வயதிலா என்று கேட்ட மகளிடம், சின்ன வயதில் என் அம்மா விட்டிருந்தால்தானே என்றாள்.

ஒரு மாலை அவள் குளத்திலிருந்து ஈரத்தலையோடு திரும்பியபோது நல்ல மழை. பால்கனியில் அவர் நாற்காலிக்குக் குடை பிடித்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டிருந்தார்.

"உள்ள வாங்க. உங்களுக்குச் சளி பிடிச்சா எனக்கும் ஒட்டிக்கும், அப்புறம் நான்தான் இழுத்துக்கிட்டுக் கிடக்கணும்."

"நாற்காலி?"

"அதுக்குச் சளி பிடிக்காது."

அவர் குடையை நாற்காலியின் கையில் செருகி வைத்துவிட்டு, உள்ளே வந்தார்.