அறுபதடி நகர்ந்த கோயில்

காலை ஆறேகால் மணிக்குப் பதுளையில் பஸ் ஏறினேன். பசறைக்குப் பதினொரு மைல். அங்கிருந்து நமுனுகுல பாதையில் இன்னொரு பஸ். மழையில் மண் சரிந்து, இடம்பெயர்ந்து நிற்கும் மாரியம்மன் கோயிலைச் சீர்செய்து தரும்படி ஒரு தேயிலைத் தோட்டத்தார் கேட்டிருந்தார்கள். நான் கோயில் வேலை செய்யும் மேசன்; தோட்டப் பக்கம் மேசனை 'பாஸ்' என்பார்கள். படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது.

பசறையில் தேநீர் பதினைந்து சதம். கடைக்கார முஸ்லிம் பெரியவர், நான் போகும் இடத்தைக் கேட்டதும் கிளாசை மெதுவாக வைத்தார்.

"அங்க கோயில் மணி பட்டப்பகல்ல தானா அடிக்குதாமே?"

"காத்தா இருக்கும்."

"காத்து இல்லாதப்பதான் அடிக்குதாம்."

ஒன்பதரைக்கு இறங்கி, ஒரு பள்ளிக்கூடத்தைத் தாண்டி ஆற்றைக் கடந்து ஒன்றரை மைல் நடந்தேன். தேயிலை நிரைகள் மலையின் நடுவில் அறுந்து, பத்தடி கீழே மறுபடி தொடங்கின. செடிகள் பச்சையாகவே கொழுந்து விட்டிருந்தன. பறிக்க ஆளில்லை. பறவைச் சத்தமும் இல்லை.

தோட்ட வேலைக்கு முதன்முதல் வந்த கூட்டத்தார் திருச்சிப் பக்கமிருந்து தலையில் சுமந்து வந்த அம்மன் கல் அந்தக் கோயிலில் இருக்கிறது. கோயில் இடியாமல் அறுபதடி சறுக்கி, பன்னிரண்டு காம்பராக்கள், அதாவது ஒற்றை அறை வீடுகள், வரிசையாக ஒட்டி நிற்கும் கடைசி லயத்தின் பின்னால், அதை எட்டிப் பார்ப்பதுபோல் சாய்ந்து நின்றது. வாசலில் தேங்காய் மூடிகள் குவிந்து கிடந்தன.

"சாமியே வந்து குறுக்க நின்னுருச்சு பாஸ்," என்றார் கோயில் தலைவர் பெருமாள். "இனிமே மலை எறங்காது. இங்கயே செவுத்தப் பூசிக் குடுங்க."

கடைசிக் காம்பராவில் குடியிருக்கும் முத்தாயி சொன்னாள்: "மண்ணு சரிஞ்சப்ப நாங்க மூட்டையெல்லாம் கட்டிட்டோங்க. மணி அடிச்சுச்சு. போகாதன்னு அம்மா சொல்லுதுன்னு அவுத்துட்டோம். அடிக்க அடிக்கத் தேங்கா ஒடைக்கிறோம்."

அவள் சொல்லி முடிக்கவும் மணி அடித்தது. ஒரு இலைகூட அசையவில்லை.

"பாஸ் மூஞ்சியப் பாருங்க, துன்னூறு பூசாமலே வெளுத்துருச்சு!" என்று பெருமாள் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செருப்பைக் கழற்றியிருந்தேன். உள்ளங்காலுக்கு அடியில் ஏதோ நடுங்கி நின்றது.

சுவரில் விரல் நுழையும் வெடிப்பு. வெடித்த சுவரைப் பூசுமுன் நாங்கள் ஒன்று செய்வோம். குறுக்கே காகிதத் துண்டை மாப்பசையால் ஒட்டிவிட்டுக் காத்திருப்போம். பதினொரு மணிக்கு ஒட்டினேன். முத்தாயி ரொட்டியும் சம்பலும் தந்தாள். இரண்டு மணிக்கு மறுபடி மணி அடித்தது. போய்ப் பார்த்தேன். காகிதம் நடுவில் கிழிந்திருந்தது. வேறொன்று ஒட்டினேன். மூன்றரைக்கு அதுவும் கிழிந்தது.

லயத்துச் சனம் முழுவதும் சுற்றி நின்றது. கிழிந்த காகிதத்தைக் காட்டினேன்.

"மலை நிக்கலைங்க. வந்துக்கிட்டே இருக்கு. மணிய ஆட்டுறது அதுதான். நீங்க இங்க இருக்கக் கூடாது."

"சாமியத் தனியா விட்டுட்டு ஓடச் சொல்றீங்களா?" பெருமாளின் குரல் உயர்ந்தது.

அப்போதுதான் எனக்குத் தொழில் வழக்கம் கைகொடுத்தது. "கோயில்ல கை வைக்கிறதுக்கு முந்தி, அம்மனக் கலசத் தண்ணியில எறக்கணும் தலைவரே. வேல முடியிற வரைக்கும் கலசம்தான் சாமி. அத எங்க வச்சாலும் சரிதான்."

"எங்க வைக்கச் சொல்றீங்க?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம். பள்ளிக்கூடத்துல."

பெருமாள் வெடிப்பில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு செம்பைக் கழுவச் சொன்னார். கற்பூரம் காட்டி, அம்மனை அழைத்தார்கள். முத்தாயி கலசத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு திரும்பினாள்.

"அம்மா போகுது. நம்ம மட்டும் இங்க என்ன செய்யிறது? கெளம்புங்க!"

மூட்டை, கோழி, அடுப்புச் சட்டி, பிள்ளைகள் என்று பன்னிரண்டு காம்பராச் சனமும் அவள் பின்னால் ஆற்றைக் கடந்தது. பூச்சுக்கென்று அவர்கள் வாங்கி வைத்திருந்த சீமெந்து மூட்டையை நான் அவிழ்க்கவே இல்லை.

ஐந்தேகால் பஸ்ஸில் திரும்பினேன். எத்தனையோ கோயில்களில் சாமியை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். வெளியே அழைத்து வந்துவிட்டுத் திரும்பியது இதுவே முதல் தடவை. பாதை திரும்பும் இடத்தில் ஒருமுறை பார்த்தேன். திறந்த கதவுகளோடு லயமும், அதன் பின்னால் சாய்ந்தபடி கோயிலும் தெரிந்தன.

பதுளையில் என் வீடும் மலையடிவாரத்தில்தான் இருக்கிறது. வந்ததும் பின்சுவரில் உள்ளங்கையை வைத்தேன். சுவர் குளிர்ந்து, அசையாமல் இருந்தது. வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஆனாலும் கொஞ்ச நேரம் கையை எடுக்க மனம் வரவில்லை.