பழைய பிக்கப்பில் ஐந்து டன் தண்ணீர்

பாரம் இழுப்பதைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள்தான் அதைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவர்கள். அப்படி ஒருவருக்கு நான் பல வருடம் லோடு அடித்தேன்.

என்னிடம் இருந்தது ஒரு பழைய பிக்கப். என் கைக்கு வருவதற்கு முன்பே இரண்டு பேர் ஓட்டிச் சலித்த வண்டி. சிவகாசியிலிருந்து எம். புதுப்பட்டிப் பக்கம் இருக்கும் பட்டாசுக் கம்பெனிகளுக்குக் காலி அட்டைப்பெட்டியும் காகிதக் குழாயும் ஏற்றிப் போவேன். பார்வைக்கு மலை மாதிரி இருக்கும், எடை ஒன்றும் இருக்காது. அந்த வண்டிக்கு ஏற்ற வேலை அதுதான்.

அதில் ஒரு கம்பெனியின் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். சொந்தமாக லாரிகள் வைத்திருந்த மனிதர். ஒரு நாளும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஆனால் எந்த வண்டியைப் பார்த்தாலும் சுற்றி வந்து, டயரை ஒரு உதை உதைத்து, "கண்டிசனாத்தான் இருக்கு" என்று தீர்ப்புச் சொல்வார். அவ்வளவுதான் அவருடைய வண்டி ஞானம். அந்த உதையைப் பார்த்துத் தலையாட்டுவதற்கென்றே நாலைந்து பேர் கூடவே திரிவார்கள்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்கு நடந்து போகிறவர்களுக்கு அவர் கம்பெனி சார்பில் டேங்கரில் தண்ணீர் போகும். அது டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் இரண்டு சக்கர டேங்கர். வருடா வருடம் டிராக்டர்தான் இழுத்துப் போகும். அந்த வருடம் அண்ணாச்சிக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டுவிட்டது.

"டிராக்டர்ல போனா வயக்காட்டுக்குப் போற மாதிரில்ல இருக்கு தம்பி. ஒன் பிக்கப்புன்னா ஒரு எடுப்பா இருக்கும். மேல நம்ம போர்டைக் கட்டிரலாம்" என்றார்.

"அண்ணாச்சி, டேங்கர் நெறஞ்சா அஞ்சு டன்னுக்குக் கொறையாது. இது ஒரு டன் வண்டி."

"ஒரு டன்னு ஏத்துறதுக்குத்தானலே? நாம ஏத்தவா போறோம்? அதுக்குத்தான் சக்கரம் இருக்குல்ல, அது பாட்டுக்கு உருண்டு வரும்."

கூட இருந்தவர்கள் இதை ஒரு பெரிய கண்டுபிடிப்பைப்போல ரசித்தார்கள். அது பாட்டுக்கு உருண்டு வரும் என்பதுதான் ஆபத்தே என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றிய நானும் வாயை மூடிக்கொண்டேன். சீசன் லோடு கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். அவர்களைக் கேவலமாக நினைக்கிற எனக்கு, என்னையும் அந்த வரிசையில் நிறுத்துவதுதான் நியாயம்.

வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டாள்: "முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீக?"

வண்டிக்குப் பின்னால் கொக்கி வைக்கப் பட்டறைக்குப் போனேன். வெல்டர் சேஸிஸைக் குனிந்து பார்த்துவிட்டு, "கொக்கி தாங்கும். வண்டிக்கு நான் பொறுப்பில்ல" என்றார். அந்த விவகாரம் முழுவதிலும் உருப்படியாகப் பேசிய ஒரே ஆண்பிள்ளை அவர்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஆனைக்குட்டம் பக்கத்தில் இருந்த அண்ணாச்சியின் தோட்டத்துக் கிணற்றில் டேங்கரை நிரப்பினார்கள். காலி டேங்கரை இழுத்துவரும்போது வண்டி ஒழுங்காகத்தான் வந்தது. தண்ணீர் ஏற ஏற டேங்கரின் முன்பாரம் கொக்கியில் இறங்கி, பிக்கப்பின் பின்புறம் உட்கார்ந்துவிட்டது. முன்புறம் தூக்கிக்கொண்டது. கிளம்பியதும் ஸ்டியரிங் கையில் எடையே இல்லாமல் சுற்றியது. முன்சக்கரம் சாலையைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். கேபினுக்கு மேலே அண்ணாச்சி கைகூப்பிச் சிரிக்கும் ஃபிளெக்ஸ் போர்டு. அதில் அம்மன் ஓர் ஓரமாகச் சின்னதாக இருந்தாள்.

சாத்தூர் வரை இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. பின்னால் காரில் வந்த அண்ணாச்சி போன் போட்டு, "என்னலே, நடந்து போறவன்லாம் ஒன்னைய முந்திப் போறான்" என்றார். ஊர் தாண்டியதும் நிறுத்தச் சொல்லி, ஒரு மணி நேரம் தண்ணீர் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். மூன்றில் ஒரு பங்கு தீர்ந்தது. பாரம் குறைந்ததே என்று அவருக்குச் சந்தோஷம். உண்மையில் அதுதான் மோசம். நிறைந்த டேங்கரில் தண்ணீர் அசையாமல் இருக்கும். குறைந்த டேங்கரில் அது முன்னும் பின்னும் மோதும்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சாலை ஒரு கண்மாய்க் கரைமேல் ஏறி இறங்கும். முதல் கியரில் ஏறினேன். கிளட்ச் கருகும் நாற்றம் கேபின் முழுக்க நிறைந்தது. எப்படியோ உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். வேகம் சற்றுக் குறைந்தது. அடுத்த நொடி டேங்கருக்குள் தண்ணீர் மொத்தமும் முன்னால் வந்து முட்டியது. முதுகில் யாரோ எட்டி உதைத்தது போல் இருந்தது. மறுபடி மிதித்தேன், மிதி அடிவரை போனது. டேங்கருக்குத் தனியாகப் பிரேக் கிடையாது. என் வண்டியின் நான்கு சக்கரமும் சேர்ந்து அதை நிறுத்த முடியவில்லை. பிக்கப்பின் பின்புறம் மெல்ல வலதுபக்கம் விலக ஆரம்பித்தது.

முன்னால் மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாகக் கூட்டம் நடந்து போய்க்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஹாரனை விடாமல் அழுத்தினேன். கொட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? இறக்கம் முடியும் இடத்தில் இடதுபக்கம் உழுது போட்டிருந்த கரிசல் காடு தெரிந்தது. அந்தப் பக்கம் ஒடித்தேன். வண்டி ஓடைப் பள்ளத்தைக் குதித்துத் தாண்டிக் காட்டுக்குள் பாய்ந்தது. சக்கரங்கள் மண்ணில் புதைந்து புதைந்து, ஓரிடத்தில் நின்றது. டேங்கர் சாய்ந்தும் சாயாமலும் பின்னால் நின்றது. கொக்கி அப்படியே இருந்தது. சேஸிஸ் வளைந்திருந்தது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முயன்றேன். விரல்கள் பிரிய மறுத்தன.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் வேப்பிலையோடு ஓடிவந்து கதவைத் திறந்தாள். "அடி ஏதும் பட்டுருச்சாய்யா? கால அசைச்சுப் பாருங்க" என்றாள். என்னைப் பற்றி அங்கே கேட்டது அவள் ஒருத்திதான்.

அண்ணாச்சி கண்ணாடி ஏற்றியிருந்த ஏசி காரிலிருந்து இறங்கி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்கட்டிகளில் தடுமாறி வந்தார். முதலில் மேலே பார்த்தார்.

"போர்டு கிழிஞ்சு போச்சேலே."

அதற்குள் என்ன நடந்ததென்று பார்க்க ஆட்கள் காட்டுக்குள் வந்துவிட்டார்கள். கூட்டத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. குழாயைத் திறக்கச் சொன்னார். மண்ணில் புதைந்த வண்டிக்கு முன்னால் நின்று, அம்மன் பேரைச் சொல்லி ஒவ்வொருவருக்கும் தண்ணீர் கொடுத்தார். படம் எடுக்கிறவனிடம், பிக்கப் தெரியாமல் எடுக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "சும்மா நிக்காம டம்ளரக் கழுவிக் குடு" என்றார். கழுவிக் கொடுத்தேன். இன்று வரை எனக்குப் பொறுக்காதது அதுதான்.

சாயங்காலம் பக்கத்துக் காட்டுக்காரர் தன் டிராக்டரைக் கொண்டுவந்து இரண்டையும் வெளியே இழுத்தார். எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். "இதுல அதக் கட்டச் சொன்ன மகராசன் யாரு?" என்றார். மகராசன் எப்போதோ காரில் கிளம்பிப் போயிருந்தார்.

வண்டி பட்டறையில் கிடந்த நாட்களில், என் ஓட்டுதல் சரியில்லை என்று அவர் ஊரெல்லாம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். வண்டி தயாரானதும் வெட்கமில்லாமல் அவர் ஆபீசுக்கே லோடு கேட்டுப் போனேன். மதுரையிலிருந்து வந்த ஒரு வியாபாரியிடம் அவர் அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் மட்டும் பின்னாலயே வந்து, இடது பக்கம் ஒடிலேன்னு கத்தலைன்னு வைங்க, பத்து இருவது உசுரு போயிருக்கும். இந்தா நிக்கான்ல, இவன்தான். கேட்டுப் பாருங்க."

வியாபாரி என்னைப் பார்த்தார். "அப்படியா?"

"இல்லீக" என்றேன். "அண்ணாச்சி அப்ப கார்க் கண்ணாடிய ஏத்திவிட்டு, ஏசியில ஒக்காந்திருந்தாக. எறங்கினதும் போர்டு கிழிஞ்சு போச்சேன்னாக."

கூட நின்றவர்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் தரையைப் பார்த்தார்கள். அண்ணாச்சி எதையோ தேடுவதுபோல மேஜை டிராயரை இழுத்தார், மூடினார், மறுபடி இழுத்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

அந்த சீசனில் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு லோடுகூட வரவில்லை. அன்று வீட்டில் ஆபீசில் நடந்ததைச் சொன்னபோது, மனைவி லோடைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, அண்ணாச்சி மூஞ்சி போன போக்கை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.